இரும்பை உருக்கியவன் யார்?

2025-ம் ஆண்டு ஜனவரி 23-ம் தேதி சென்னையில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்பதே அந்த அறிவிப்பு. தமிழக சர்க்காரின் தொல்லியல் துறை இதை ஒரு நூலாக வெளியிட்டது. முதலமைச்சரே மேடையில் நின்று அறிவித்தார். தமிழ் மண்ணில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு தோன்றிவிட்டது என்ற செய்தி நாடெங்கும் பரவியது.

செய்தி வந்த மறு நாளே இரண்டு கூச்சல்கள் கிளம்பின. ஒரு பக்கத்தார், "உலகத்துக்கே இரும்பைக் கொடுத்தவன் தமிழன்!" என்று மார்தட்டினார்கள். மறு பக்கத்தார், "இதெல்லாம் அரசியல், நம்பாதே!" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். இரு தரப்பாரும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அந்த இரும்பை உருக்கியவன் யார்? அவன் எப்படி வாழ்ந்தான்? அவன் கண்ட பலனை யார் அனுபவித்தார்கள்?

அண்மையில் ஒரு விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் இந்தச் செய்தியைப் பற்றி நாம் பேசினோம். கூட்டம் முடிந்ததும் கொல்லுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவர் எழுந்து வந்தார். "தோழரே, அய்யாயிரம் வருஷத்துப் பெருமை என்கிறீர்களே, ரொம்பச் சந்தோஷம். அந்தப் பெருமையை அடகு வைத்தால் எனக்கு ஒரு மூட்டை கரி கிடைக்குமா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. சரித்திரத்தை எங்கிருந்து படிக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் அவர் நமக்குச் சொல்லிவிட்டார்.

வானத்து இரும்பும் மண்ணின் இரும்பும்

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். மனிதன் முதன் முதலில் கையாண்ட இரும்பு மண்ணிலிருந்து வந்ததல்ல, வானத்திலிருந்து விழுந்தது. எகிப்து நாட்டில் கெர்சே என்ற இடத்துக் கல்லறைகளில் 1911-ல் ஒன்பது இரும்பு மணிகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 3200. அவை விண்கல் இரும்பால் செய்யப்பட்டவை என்பது 2013-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் உறுதியாயிற்று. துட்டன்காமன் என்ற எகிப்திய மன்னனின் சடலத்தோடு புதைத்திருந்த இரும்புக் கட்டாரியும் அப்படித்தான். அதிலே நிக்கல் என்ற உலோகம் நூற்றுக்குப் பதினொரு பங்கு அளவில் கலந்திருப்பதை 2016-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள். மண்ணில் உருக்கிய இரும்பில் அந்த அளவுக்கு நிக்கல் இருப்பதில்லை. எகிப்தியர்கள் இரும்பை "வானத்து உலோகம்" என்று அழைத்ததில் வியப்பில்லை.

விண்கல்லைத் தட்டி மணி செய்வது வேறு. மண்ணைப் பிளந்து, கல்லைச் சுட்டு, இரும்பைப் பிரித்தெடுப்பது வேறு. முன்னது கண்டெடுத்தல், பின்னது உற்பத்தி.

அந்த உற்பத்தி எப்படி நடந்தது? செம்பு 1,085 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். அவ்வளவு வெப்பத்தை அந்தக் காலத்து மண் உலையில் எழுப்ப முடியாது. ஆகவே தொன்மைக் காலத்து உழைப்பாளி இரும்பைத் தண்ணீராக உருக்கவில்லை. அவன் வேறு வழி கண்டான். களிமண்ணால் உலை கட்டினான். அதிலே மரக்கரியையும் இரும்புக் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கினான். கீழே களிமண் குழாய் வைத்துத் துருத்தியால் ஊதினான். காற்று போதாமல் எரியும் கரியிலிருந்து ஒரு வாயு எழுகிறது. அந்த வாயு இரும்புக் கல்லில் கலந்திருக்கும் பிராணவாயுவைப் பறித்துக்கொள்கிறது. ஏறத்தாழ 1,200 டிகிரியில் கல்லிலுள்ள மற்றக் கழிவுகள் உருகி வழிந்து ஓடும். அதுதான் சிட்டம். உலையின் அடியில் கடல் நுரை போல் துளை துளையாக ஒரு கட்டி நிற்கும். அதுதான் இரும்பு. அதைச் சூடு ஆறுமுன் எடுத்து, சம்மட்டியால் அடித்து அடித்து, உள்ளே சிக்கிய சிட்டத்தைப் பிதுக்கித் தள்ள வேண்டும். அப்புறம்தான் அது அரிவாளாகும், கொழுவாகும்.

இதில் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கல் வெட்டியவர்கள், கருமணல் அரித்தவர்கள், மரம் வெட்டியவர்கள், கரி சுட்டவர்கள், மண் குழைத்து உலை கட்டியவர்கள், மணிக்கணக்காகத் துருத்தி மிதித்தவர்கள், சம்மட்டி அடித்தவர்கள். ஒருவன் கை சளைத்தால் உலை குளிர்ந்துவிடும். எல்லார் உழைப்பும் வீண். இரும்பு ஒரு மேதாவி கண்ட கனவல்ல; தெய்வம் தந்த வரமுமல்ல. பல தலைமுறைகள் செம்பு உருக்கிப் பழகிய கைகள்தான் இரும்பையும் கண்டன என்பது பல ஆராய்ச்சியாளர்களின் கருத்து. செம்புக் கல்லிலுள்ள கழிவை இளக்க இரும்புக் கல்லைப் பொடித்துப் போடுவது வழக்கம். அப்படிப் போட்ட உலையின் அடியில் சில வேளை இரும்புத் துணுக்கு தங்கியிருக்கும். யாரோ ஒரு தொழிலாளி அதை எறியாமல் எடுத்துத் தட்டிப் பார்த்தான். அவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அரண்மனை இரும்பு, ஏழையின் இரும்பு

"யார் முதலில்?" என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இரும்பு முதலில் தோன்றிய காலம் ஒன்று. இரும்பு மக்கள் கைக்கு வந்த காலம் வேறொன்று. இரண்டுக்கும் இடையே பல நாடுகளில் ஆயிரம் ஆண்டு இடைவெளி இருந்தது.

கி.மு. இரண்டாயிரத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள கானேஷ் நகரில் அசீரிய வியாபாரிகள் கடை விரித்திருந்தார்கள். களிமண் பலகைகளில் எழுதிய அவர்களுடைய கணக்குகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றிலே இரும்பு என்று அறிஞர்கள் கருதும் ஓர் உலோகத்தின் விலை வெள்ளியைப் போல் 40 மடங்கு! அந்த இரும்பால் எந்த விவசாயியின் ஏருக்காவது கொழு அடித்திருக்க முடியுமா? அது ராஜாக்களின் விரலுக்கு மோதிரமாயிற்று, கோயில்களுக்குக் காணிக்கையாயிற்று.

கி.மு. 13-ம் நூற்றாண்டில் ஹிட்டைட் மன்னன் மூன்றாம் ஹத்துசிலி மற்றொரு மன்னனுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. நல்ல இரும்பு இப்போது கையிருப்பில் இல்லை, செய்வதற்கு இது உகந்த காலமும் அல்ல, செய்து முடிந்ததும் அனுப்புகிறேன், இப்போதைக்கு ஒரு கட்டாரி அலகை அனுப்பியிருக்கிறேன் என்ற பொருளில் அவன் சாக்குச் சொல்கிறான். ஒரு சாம்ராஜ்யாதிபதி மற்றொரு சாம்ராஜ்யாதிபதிக்கு ஒற்றைக் கட்டாரி அனுப்பிப் பெருமை கொண்ட காலம் அது! ஹிட்டைட்டுகள் இரும்பு ரகசியத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள், அவர்கள் ராஜ்யம் விழுந்ததும் ரகசியம் வெளியேறியது என்று பழைய சரித்திர ஆசிரியர்கள் எழுதினார்கள். இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலோர் இந்தக் கதையை ஒதுக்கிவிட்டார்கள். ரகசியத்தை விட முக்கியமான காரணம் சமுதாய அமைப்பில் இருந்தது.

வெண்கலத்துக்குச் செம்பும் வேண்டும், வெள்ளீயமும் வேண்டும். வெள்ளீயம் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. தூர தேசத்திலிருந்து கழுதை முதுகிலும் கப்பலிலும் வர வேண்டும். அந்த வியாபாரம் அரண்மனைகளின் கையில் இருந்தது. ஆகவே ஆயுதமும் அரண்மனையின் கையில் இருந்தது. கி.மு. 1200-ஐ ஒட்டிக் கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகளில் அரண்மனைகள் பல சரிந்தன. வியாபாரப் பாதைகள் குலைந்தன. இரும்புக் கல்லோ ஏறத்தாழ எல்லா நாட்டு மண்ணிலும் இருக்கிறது. கரிக்குக் காடு இருக்கிறது. கை இருக்கிறது. அதன் பிறகுதான் இரும்பு அங்கே பரவத் தொடங்கியது. ஆரம்பத்து மெத்தென்ற இரும்பு நல்ல வெண்கலத்தை விடக் கடினமானதல்ல. கரியோடு நெடுநேரம் சூடேற்றினால் இரும்பு உரமேறும், தண்ணீரில் தோய்த்தால் இன்னும் இறுகும் என்பதைக் கொல்லர்கள் தங்கள் அனுபவத்தால் கற்றார்கள். கி.மு. 12, 11-ம் நூற்றாண்டுகளில் சைப்ரஸ் தீவில் செய்த கத்திகளில் இந்தக் கைத்திறனைக் காண்கிறோம்.

மார்க்சியச் சரித்திர ஆசிரியரான கோர்டன் சைல்ட் இதைத்தான் வலியுறுத்தினார். மலிவான இரும்பு விவசாயத்தையும் கைத்தொழிலையும் போரையும்கூட ஜனநாயகப்படுத்தியது என்பது அவர் கருத்து. 1884-ல் எழுதிய "குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்" என்ற நூலில் எங்கெல்ஸ் இரும்புக் கல்லை உருக்கியதை மனித வளர்ச்சியில் ஒரு கட்டத்தின் தொடக்கமாகவே வைத்தார். காட்டை அழித்து வயலாக்கும் வலிமையை இரும்புக் கோடரியும் இரும்புக் கொழுவும் மனிதனுக்குத் தந்தன என்று காட்டினார்.

கருவி மட்டும் போதுமா?

இங்கே நாம் ஒரு தவறைச் செய்யக் கூடாது. இரும்பு வந்தது, உடனே எல்லாம் மாறியது என்று சூத்திரம் போல் ஒப்பிப்பது மார்க்சியம் ஆகாது.

நம் நாட்டு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1956-ல் வெளியான தமது நூலில் பேராசிரியர் டி.டி. கோசாம்பி கங்கைச் சமவெளியின் சரித்திரத்தைப் புதிய கண்ணோடு பார்த்தார். அடர்ந்த காடுகளை அழிக்க இரும்பு தேவைப்பட்டது என்றும், இரும்புக் கனிகளுக்கு அருகில் இருந்தது மகத ராஜ்யத்தின் எழுச்சிக்கு ஒரு காரணம் என்றும் எடுத்துக்காட்டினார். பேராசிரியர் ஆர்.எஸ். சர்மா இந்தக் கருத்தை வளர்த்தார். தொல்லியல் அறிஞர் ஏ. கோஷ் 1973-ல் மறுப்புச் சொன்னார். தீ வைத்தே காட்டை அழிக்கலாம், உபரி விளைச்சலைத் திரட்ட ஓர் அரசியல் அதிகாரம் இருந்தால்தான் நகரம் தோன்றும் என்பது அவர் வாதம். பிற்பாடு உத்தரப் பிரதேசத்தில் மல்ஹர் முதலிய இடங்களில் கி.மு. 1800 வரை செல்லும் இரும்புச் சான்றுகள் வெளிப்பட்டன. அங்கே நகரங்கள் எழுந்ததோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? கருவி வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பு யாருக்குப் பயன்படுகிறது என்பதைச் சமுதாய உறவுகள் தீர்மானிக்கின்றன. ஒரே இரும்புதான் அரிவாளாகிறது. அதே இரும்புதான் விலங்காகவும் ஆகிறது.

சீன தேசத்தைப் பாருங்கள். இரும்பைத் தண்ணீராக உருக்கி அச்சில் வார்க்கும் வித்தையை மற்ற நாடுகளுக்கு வெகு காலம் முன்பே சீன உழைப்பாளிகள் கண்டுவிட்டார்கள். என்ன நடந்தது? கி.மு. 117-ல் ஹான் வம்சத்துச் சக்கரவர்த்தி வூ உப்பையும் இரும்பையும் சர்க்காரின் ஏகபோகமாக்கினான். உலைகளில் கைதிகளும் கட்டாய உழைப்பாளிகளும் வாட்டி வதைக்கப்பட்டார்கள். கி.மு. 81-ல் அரண்மனையில் இதைப் பற்றி ஒரு பெரும் விவாதம் நடந்தது. சர்க்கார் உலையில் வார்த்த கருவிகள் விவசாயியின் கைக்கு உதவவில்லை என்ற புகார் அங்கே எழுந்தது. இரும்பு பெருகியது, யுத்தங்களுக்குப் பணமும் பெருகியது, விவசாயிக்குக் கிடைத்தது மொண்ணை மண்வெட்டி!

தமிழ் மண்ணில்

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். இங்கே இரும்பின் தொன்மை நேற்று முளைத்த பேச்சல்ல. 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரைத் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். வாள்களும் ஈட்டிகளும் கருவிகளும் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஒரு பகுதி பெர்லினுக்குப் போய்விட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் இரும்புக்குக் கி.மு. 2172 என்ற காலம் 2022 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. மேட்டூருக்கு அருகிலுள்ள மாங்காட்டில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 1604 வரை காலம் சொல்லப்பட்டிருக்கிறது. இப்போது சிவகளை.

இந்தக் கண்டுபிடிப்பை நாம் வரவேற்கிறோம். ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்களுக்கு மாதிரிகளை அனுப்பிச் சோதித்த முறையையும் வரவேற்கிறோம். அதே சமயம் விஞ்ஞானம் கேட்கும் கேள்விகளையும் கேட்கத்தான் வேண்டும். கரித்துண்டின் காலம் அந்த மரம் வாழ்ந்த காலத்தைச் சொல்கிறது. பழைய மரத்தின் வைரத்தை எரித்திருந்தால் காலம் முன்னே தள்ளிப் போகும். கரியும் இரும்பும் ஒரே நேரத்தில்தான் அங்கே வந்தனவா என்பதை ஒவ்வொரு குழியிலும் உறுதி செய்ய வேண்டும். சிவகளையில் கிடைத்தவை ஈமப் பொருள்கள். அவற்றின் காலத்தைச் சேர்ந்த உருக்கு உலையையும் சிட்டத்தையும் தேடிக் கண்டு காலம் கணித்தால் வழக்கு அசைக்க முடியாததாகும். பக்கத்து ராஜ்யங்களிலும் இதே போன்ற இடங்களைத் தோண்டிச் சரிபார்க்க வேண்டும்.

"இப்படிக் கேட்பது தமிழுக்குத் துரோகம்" என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் சொல்கிறோம்: கேள்விக்குப் பயப்படும் பெருமை ஒரு பெருமையே அல்ல. உண்மை நம் பக்கம் இருக்குமானால் சோதனைக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

உலைகளைப் பற்றிப் பேசுவதானால் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலைப் பேச வேண்டும். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த மூசைகளும், அறுத்து மெருகிட்ட மணிகளும், பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறிய பெயர்களும் வெளிப்பட்டன. இரும்புக் கல் சென்னிமலைப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. ஆகவே ஒரு தொழில் நகரம்! ஆனால் அங்கும் கல்லறைகள் பேசுகின்றன. சில கல்லறைகளில் விலை மதிப்புள்ள மணிகள் குவிந்திருக்கின்றன. சிலவற்றில் ஒன்றுமில்லை. உலை மூட்டியவன் எந்தக் கல்லறையில் படுத்திருக்கிறான் என்று ஊகிப்பது கஷ்டமா?

நம் நாட்டு எஃகின் புகழ் உலகம் அறிந்தது. இரும்புத் துண்டை மண் மூசையிலிட்டு, ஆவாரங்கட்டையைத் திணித்து, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்து, உலையில் வைத்துச் சேலம் ஜில்லாவின் உழைப்பாளிகள் எஃகு செய்தார்கள். வெள்ளைக்கார யாத்திரீகர்கள் அதைக் கண்ணால் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் "ஊட்ஸ்" என்று பெயர் பெற்ற அந்த எஃகை 1819-ம் ஆண்டு தொடங்கி லண்டனில் மைக்கேல் பாரடே ஆராய்ந்தார். அவரே ஒரு கொல்லன் மகன்! சேலத்துக் கொல்லனின் கைத்திறனை லண்டன் கொல்லனின் மகன் வியந்து பார்த்த காட்சியை எண்ணினால் நம் நெஞ்சு நிமிர்கிறது. இது உழைப்பாளிகளின் சர்வதேசியம்.

ஆனால் ஏகாதிபத்தியம் என்ன செய்தது? கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தராக இருந்த ஹீத் துரை 1830-ல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை நிறுவினார். கம்பெனி கடன் கொடுத்தது; சலுகை கொடுத்தது. காடுகள் கரியாயின. ஆலை நஷ்டத்தில் மூழ்கி ஒழிந்தது. நாட்டு உலைக்காரனுக்கோ யாரும் காலணா கொடுக்கவில்லை. கப்பல் கப்பலாக இங்கிலாந்து இரும்பு வந்திறங்கியது. 1882-ல் சென்னை ராஜதானி வனச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கரி சுட்ட காட்டுக்குள் நுழைந்தால் குற்றம் என்றாயிற்று. உலைகள் அவிந்தன. உருக்கிய கைகள் கூலி தேடிச் சிதறின. ஆயிரக்கணக்கான ஆண்டு அறிவு இரண்டு தலைமுறையில் மடிந்தது. அதை மடியச் செய்தது காலத்தின் கோலமல்ல. ஒரு கொள்ளைக்காரச் சர்க்காரின் கொள்கை.

இது தமிழ்நாட்டுக் கதை மட்டுமல்ல. மத்திய இந்தியாவில் அகரியா மக்கள், ஜார்க்கண்ட் மலைகளில் அசுர் மக்கள் இரும்பு உருக்கி வாழ்ந்தார்கள். அவர்களுக்கும் இதே கதிதான். புராணக்காரர்கள் "அசுரன்" என்றால் கொல்லப்பட வேண்டியவன் என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய மக்களோ நாட்டுக்கு இரும்பு தந்தவர்கள். நாட்டுக்குக் கொழு செய்தவனைத் தீண்டாதே, கீழே உட்கார் என்று சொன்ன சமுதாயம் அவனுடைய கண்டுபிடிப்பை மட்டும் "நம் பெருமை" என்று கொண்டாடுவது எந்த நியாயம்?

இரண்டு பொய்கள்

ஆகவே இரண்டு பொய்களை நாம் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

முதல் பொய், இந்திய நாகரிகம் என்றால் வடக்கே, வேதத்தில், சம்ஸ்கிருதத்தில் பிறந்தது மட்டுமே என்பது. மண் தோண்டத் தோண்ட இந்தப் பொய் உடைகிறது. அதனால்தான் மண்ணைக் கண்டே சிலருக்கு அச்சம். கீழடி அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்லியல் அறிஞர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அதைக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2025 மே மாதத்தில், மத்திய சர்க்காரின் தொல்லியல் துறை அதைத் திருத்தித் தரும்படி திருப்பி அனுப்பியது. அவர் தமது முடிவுகளில் உறுதியாக நின்றார். அறிக்கையில் குறை உண்டா? முதலில் அச்சிட்டு வெளியிடுங்கள். உலகத்து அறிஞர்கள் படித்து விவாதிக்கட்டும். அலமாரியில் பூட்டுவது ஆராய்ச்சியா?

இரண்டாவது பொய், "எல்லாவற்றுக்கும் முதல்வன் தமிழனே" என்பது. 5,300 ஆண்டுகளுக்கு முன் சிவகளையில் வாழ்ந்தவர்கள் ஓரெழுத்தும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் பேசிய மொழியை எலும்பும் இரும்பும் சொல்லாது. அவர்கள் இந்த மண்ணின் உழைப்பாளிகள். அது போதும் நமக்கு. "நாமே முதல்" என்ற வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆப்பிரிக்கா சாட்சி. கறுப்பு மக்களால் இரும்பு உருக்க முடியுமா, வெளியிலிருந்து யாராவது வந்துதான் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று காலனி ஆட்சிக் காலத்து அறிஞர்கள் எழுதினார்கள். சூடானில் மெரோவேயின் சிட்ட மேடுகள் அவர்களைப் பார்த்துச் சிரித்தன. நைஜீரியாவில் நோக் மக்களின் உலைகள் வெளிப்பட்டன. 1970-களில் தான்சானியாவில் ஹாயா மக்களின் கிழவர்கள் தங்கள் நினைவிலிருந்தே பழைய உலையை மறுபடி கட்டி, ஆராய்ச்சியாளர்களின் கண் முன்னே இரும்பு உருக்கிக் காட்டினார்கள். ஊதும் குழாயை உலைக்குள்ளே நீட்டி வைத்துக் காற்றை முன்கூட்டியே சூடாக்கும் அவர்களுடைய யுக்தியைக் கண்டு உலகம் வியந்தது. அந்தக் கிழவர்களும் கொடுமணல் உலைக்காரனும் ஒரே குலம். அது உழைப்பாளர் குலம்.

இன்று செய்ய வேண்டியது

பெருமையோடு நின்றுவிடாமல் காரியத்துக்கு வருவோம். நாம் நான்கு விஷயங்களைக் கோருகிறோம்.

ஒன்று: உலைகளைத் தேடுங்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில் வயலோரம் சிட்ட மேடுகள் கிடக்கின்றன. ரோடு போடவும் பள்ளம் மூடவும் அவற்றை லாரியில் அள்ளிப் போகிறார்கள். ஒரு மேடு போனால் ஒரு சரித்திரம் போயிற்று. அவற்றைக் கணக்கெடுத்துக் காப்பாற்றுங்கள். நம் விவசாய சங்கக் கிளைகளும் வாலிபர்களும் தங்கள் ஊரில் இத்தகைய மேடு இருந்தால் உடனே தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு: ஆராய்ச்சி அறிக்கைகளை எளிய தமிழில், ஏழை மாணவன் வாங்கக்கூடிய விலையில் கொடுங்கள். சாதகமான காலக் கணக்கை மட்டுமல்ல, ஒத்து வராத கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள்.

மூன்று: அகழாய்வுக் குழிகளில் வெயிலில் குந்தி மண் சுரண்டுபவர்கள் யார்? அக்கம்பக்கத்துக் கிராமத்து ஆண்களும் பெண்களும், தினக்கூலிகள். தாழியின் விளிம்பு முதலில் படுவது அவர்கள் கையில்தான். அவர்களுக்கு நியாயமான கூலி கொடுங்கள், பயிற்சி கொடுங்கள், அறிக்கையில் அவர்கள் பெயரையும் போடுங்கள். அய்யாயிரம் ஆண்டுக்கு முன் உருக்கியவனின் பெயர் தொலைந்துவிட்டது. இன்று தோண்டி எடுப்பவளின் பெயரும் தொலைய வேண்டுமா?

நான்கு: உயிரோடிருக்கும் இரும்புத் தொழிலைக் காப்பாற்றுங்கள். கொல்லுப் பட்டறைகளுக்குக் கூட்டுறவு மூலம் கரியும் இரும்பும் கடனும் கொடுங்கள். சேலம் உருக்காலைக்காகத் தமிழ் மக்கள் எத்தனை ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள்! 1970-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2019-ல் அதைத் தனியாருக்கு விற்க மத்திய சர்க்கார் விருப்ப மனு கேட்டது. தொழிலாளர்கள் கட்சி பேதமின்றி எதிர்த்து நின்றார்கள். பழைய இரும்புக்கு மேடை போட்டுப் பாராட்டிவிட்டு, மக்கள் பணத்தில் எழுந்த ஆலையை முதலாளிக்கு ஏலம் விடத் துணிவது எந்த வகைத் தேச பக்தி?

அந்தக் கொல்லுப் பட்டறை முதியவர் கேட்டதை மறுபடி நினைத்துக்கொள்கிறோம். அவர் சரித்திரத்தைக் கேலி செய்யவில்லை. சரித்திரத்தில் தமக்கு உரிய பங்கைக் கேட்டார். பிரமிடின் கல்லைச் சுமந்தவன், கங்கைக் காட்டை வெட்டியவன், நொய்யல் கரையில் துருத்தி மிதித்தவன் எல்லாரும் கேட்கும் பங்கு அது. ராஜாக்கள் இரும்பை அணிந்தார்கள். வியாபாரிகள் இரும்பை விற்றார்கள். தளபதிகள் இரும்பால் கொன்றார்கள். இரும்பை உருக்கியவன் உழைப்பாளி ஒருவனே.

சிவகளையின் தாழிகளில் துருவேறிக் கிடந்த அந்த இரும்பு நமக்குத் தரும் செய்தி இதுதான். உருக்கும் திறமை உழைப்பாளியிடம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. உருக்கியதை ஆளும் உரிமைதான் இன்னும் அவன் கைக்கு வரவில்லை. அதை வென்றெடுக்கும் வரை நம் உலையை அணைய விடமாட்டோம்.